நோயாளியின் தூக்கமும் நாம் கட்டும் சுவர்களும்





மிஷன் மருத்துவமனை ஒன்றில் புதிய வார்டு கட்டப்போகிறார்கள் என்றால் நம் சபைகளில் சில கேள்விகள் உடனே எழும். எத்தனை படுக்கைகள்? எத்தனை சதுர அடி? எவ்வளவு செலவாகும்? பிரதிஷ்டை எப்போது? இவை எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் அந்த வார்டில் படுக்கப்போகும் நோயாளி இரவில் கண்மூடித் தூங்க முடியுமா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் நாம் ஜன்னல் வைக்கிறோம். சத்தத்தைப் பற்றியோ, கட்டி முடித்து, வெள்ளையடித்து, கட்டில்களைப் போட்ட பிறகுதான் நினைக்கிறோம். அப்போது திருத்துவது கடினம், செலவும் அதிகம். ஆகவே இந்த இதழில் கட்டடமும் சத்தமும் பற்றிச் சற்று விளக்கமாக எழுதுகிறோம்.

சாலையும் ரயிலும் அருகருகே

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே பயணம் செய்தவர்களுக்கு இந்தப் பகுதியின் அமைப்பு தெரியும். சென்னையிலிருந்து வரும் நெடுஞ்சாலை திண்டிவனத்தில் பிரிகிறது. ஒரு கிளை புதுச்சேரிக்கும், ஒன்று செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும், மற்றொன்று விழுப்புரம் வழியாகத் திருச்சிக்கும் செல்கின்றன. தென்மாவட்டங்களுக்குப் போகும் பேருந்துகளில் பெரும்பகுதி இரவில்தான் இவ்வழியே போகிறது. சாலையை ஒட்டினாற்போல மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ரயில் பாதையும் வருகிறது. விழுப்புரம் சந்திப்பில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசைப் பாதைகள் கூடுகின்றன. 2010இல் தொடங்கப்பட்ட அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரியும் முண்டியம்பாக்கத்தில் இந்த நெடுஞ்சாலை ஓரத்திலேயே அமைந்திருக்கிறது.

இதில் தவறு ஏதும் இல்லை. விபத்தில் அடிபட்டவரையும் பிரசவ வேதனையில் இருப்பவரையும் விரைவாகக் கொண்டுவர வேண்டுமானால் மருத்துவமனை சாலைக்கு அருகில்தான் இருக்க வேண்டும். ஆனால் ஆம்புலன்ஸ் வரும் அதே சாலையில்தான் ஏர் ஹாரனும் வருகிறது. பழைய மிஷனரிகள் அகன்ற காம்பவுண்டின் நடுவே, கனத்த சுவர்களும் ஆழ்ந்த தாழ்வாரமும் வைத்துக் கட்டினார்கள். இன்றைய நில விலையில் அப்படி ஒதுங்கிக் கட்ட எல்லாராலும் முடிவதில்லை. எனவே நாம் சற்று யோசித்துக் கட்ட வேண்டியிருக்கிறது.

சத்தம் நோயாளியை என்ன செய்கிறது?

சத்தம் காதுக்கு மட்டும் தொல்லை என்று நினைக்கக்கூடாது. தூங்குகிறவர் விழிக்காவிட்டாலும், திடீர் ஓசைக்கு அவருடைய நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. ஆழ்ந்த உறக்கம் கலைந்து மேலோட்டமான உறக்கமாகிவிடுகிறது. செவிலியர் பணியின் முன்னோடியான புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் சுமார் 160 ஆண்டுகளுக்கு முன் எழுதிய செவிலியர் குறிப்புகளில், சத்தத்திற்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கினார். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வார்டுக்குள் இரவில் சராசரி ஒலி 30 டெசிபலும், திடீர் ஓசை 40 டெசிபலும் தாண்டக்கூடாது என்று கூறியது. குறைமாதக் குழந்தைகளை வைத்திருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் 45 டெசிபலுக்கு மேல் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 1997இல் அறிவுறுத்தியது.

நடைமுறையில் நிலைமை என்ன? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்கள் 2005இல், பல நாடுகளில் எடுக்கப்பட்ட அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 1960இல் பகலில் சுமார் 57 டெசிபலாக இருந்த மருத்துவமனைச் சத்தம் 72 ஆகவும், இரவில் 42 ஆக இருந்தது 60 ஆகவும் உயர்ந்திருந்தது. வசதி மிகுந்த நாடுகளின் நிலையே இதுவென்றால் நம் வார்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நோயாளிக்கு மட்டுமல்ல, சிகிச்சைக்கும் சத்தம் தடையாகிறது. இரத்த அழுத்தம் பார்க்கும்போது ஸ்டெதாஸ்கோப்பில் வரும் ஓசை மிக மெல்லியது. தாயின் வயிற்றில் குழாயை வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் செவிலியர், வெளியே ஜெனரேட்டர் உறுமும்போது எதை எண்ணுவார்? மருந்தின் பெயரைத் தவறாகக் கேட்டுவிடும் அபாயமும் உண்டு. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. கூரை வரை எட்டாத பலகைத் தடுப்புகளால் பிரிக்கப்பட்ட ஆலோசனை அறைகளில், காசநோயாளியோ எச்.ஐ.வி. பாதித்த சகோதரியோ தம் வேதனையைச் சொல்லும்போது, அது அடுத்த பக்கத்தில் காத்திருப்பவர் காதிலும் விழுகிறது. அடுத்த முறை அவர்கள் வராமலே இருந்துவிடலாம்.

திண்டிவனத்தின் ஓர் இரவு

நம் மருத்துவ ஊழியத்தின் சரித்திரத்தில் கேட்டல் என்பதற்குத் தனி இடம் உண்டு. அதுவும் இந்தத் திண்டிவனத்திலேயே தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், மிஷன் பங்களாவில் பெற்றோருடன் தங்கியிருந்த ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணைத் தேடி ஒரே இரவில் மூன்று பேர் வந்தார்கள். மூவரின் மனைவியரும் பிரசவத்தில் துன்பப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண் மருத்துவரான அவருடைய தகப்பனாரை அனுப்ப முன்வந்தும் அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். மறுநாள் காலையில் சாவு மேளத்தின் ஓசை ஐடாவின் காதில் விழுந்தது. அந்த அழைப்பைக் கேட்டவர் மருத்துவம் படிக்கச் சென்று, 1900இல் இந்தியாவுக்குத் திரும்பி, வேலூரில் தம் ஊழியத்தைத் தொடங்கினார். இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்தது.

நம் மருத்துவமனைகளும் கேட்கும் மருத்துவமனைகளாக இருக்க வேண்டும். இரவுப்பணியில் ஒரே செவிலியர் இருக்கும் வார்டில், கடைசிக் கட்டிலில் இருப்பவரின் மெல்லிய முனகல் அவர் காதில் விழ வேண்டும். சத்தம் நிறைந்த கட்டடத்தில் அது விழாது.

டெசிபல் கணக்கு

டெசிபல் என்பது சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது; நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கிறது. 20 கூடினால் ஆற்றல் நூறு மடங்கு. ஒரே மாதிரியான இரண்டு ஜெனரேட்டர்கள் ஓடினால், ஒன்று ஓடுவதைவிட 3 டெசிபல்தான் அதிகம். ஆகவே, பல சத்தங்களில் பெரியது எதுவோ அதை முதலில் அடக்க வேண்டும். சின்னச் சத்தங்களுக்குப் பணம் செலவழித்துப் பெரியதை விட்டுவிட்டால் பலன் தெரியாது.

தூரமும் உதவும், ஆனால் நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு அல்ல. ஓரிடத்திலிருந்து வரும் ஒரு ஹாரனின் ஓசை, தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறைகிறது. இடைவிடாது வண்டிகள் ஓடும் சாலையின் இரைச்சலோ 3 டெசிபல்தான் குறைகிறது. சாலையிலிருந்து 15 மீட்டரில் 75 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், 30 மீட்டரில் 72, 60 மீட்டரில் 69. வெறும் தூரத்தால் மட்டும் அமைதி கிடைத்துவிடாது என்பது இதனால் விளங்கும்.

சுவர் தடுப்பதை ஜன்னல் விட்டுவிடுகிறது

ஒலியைத் தடுப்பது எடை. கனமான சுவர் எளிதில் அதிராது. இருபுறமும் பூசப்பட்ட 9 அங்குலச் செங்கல் சுவர் ஏறக்குறைய 50 டெசிபல் தடுக்கும். நம் மாவட்டத்தில் உள்ள ஆரோவில்லில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தப்படும் அழுத்திய மண் கற்களும் கனமானவையே. இப்போது பரவலாக வரும் எடை குறைந்த வெண்ணிறக் காற்றுக் கற்கள் கட்ட எளிது, வெப்பத்தையும் தடுக்கும். ஆனால் எடை குறைவதால் ஒலியைத் தடுக்கும் திறனும் குறைகிறது. வார்டுக்கும் சாலைக்கும் நடுவே, வார்டுக்கும் கழிவறைக்கும் நடுவே, ஆலோசனை அறைகளுக்கு நடுவே கனமான சுவரையே கேட்டு வாங்க வேண்டும். அது மேல் தளம் வரை இடைவெளியின்றி எட்டவும் வேண்டும்.

சுவர் எவ்வளவு நல்லதாயினும் அதிலுள்ள திறப்புதான் முடிவைத் தீர்மானிக்கிறது. சுவர்ப்பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், அந்த 50 டெசிபல் சுவர் 20 டெசிபல் சுவராகிவிடும். பத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால் 10 டெசிபல்தான். கதவின் கீழ் இடுக்கும், வெண்டிலேட்டரும், ஏசி குழாய்க்காக உடைத்து அடைக்காமல் விட்ட ஓட்டையும் இந்தக் கணக்கில் சேரும்.

குளிர்நாடுகளில் ஜன்னலை இறுக மூடி இரட்டைக் கண்ணாடி போட்டுவிடுவார்கள். நம் ஊர் சித்திரை வெயிலில், ஏழைகளுக்கான பொது வார்டில் அது ஆகாது. காசநோய் பரவாமல் இருக்கவும் காற்றோட்டம் தேவை. எனவே ஜன்னலை மூடும் வழியை விட்டு, ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் கவனம் செலுத்துவோம்.

வரைபடத்திலேயே கிடைக்கும் அமைதி

இதற்கு ஒரு பைசாவும் அதிகச் செலவில்லை. சத்தத்தைத் தாங்கும் பகுதிகளைச் சாலைப்பக்கம் வைக்க வேண்டும்: புறநோயாளர் பதிவு, மருந்தகம், ஸ்டோர், கோப்பு அறை, மாடிப்படி, அலுவலகம். இவை நடுவே நின்று கேடயம் போலத் தடுக்கும். வார்டுகளை அவற்றின் பின்னால் வைத்து, ஜன்னல்களை உள்முற்றத்தை நோக்கித் திறக்க வேண்டும். நம் முன்னோர் வீடுகளில் முற்றம் வெளிச்சமும் காற்றும் தந்து, தெருச் சத்தத்தையும் விலக்கியது. பிரசவ அறை, குழந்தைகள் பிரிவு, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவை முற்றத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும். இந்திய தேசியக் கட்டட நெறிமுறையின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பிலும் ஒலித்தடுப்புக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. வரைபடம் போடும் பொறியாளரிடம் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுற்றுச்சுவரும் உதவும். ஆனால் அது சாலையையும் ஜன்னலையும் ஒன்றுக்கொன்று தெரியாதபடி மறைக்க வேண்டும். பார்வை மறைந்தால் சுமார் 5 டெசிபல் குறையும்; சுவர் இன்னும் உயர்ந்தால் மேலும் சற்றுக் குறையும். தரைத்தள வார்டுக்கு உதவும் சுவர் முதல் மாடிக்கு உதவாது. கம்பி வேலியும் பூந்தொட்டியும் ஒலியைத் தடுக்கமாட்டா. மரங்களைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. ஒரு வரிசை வேப்பமரம் நிழல் தரும், தூசியைக் குறைக்கும், மனதுக்கு இதமாயிருக்கும். ஆனால் சத்தத்தை அநேகமாகக் குறைக்காது. அதற்குப் பல பத்து மீட்டர் அகலத்தில் அடர்ந்த தோப்பு வேண்டும்.

உள்ளே பிறக்கும் சத்தம்

இரவில் நோயாளியை எழுப்பும் சத்தங்களில் பாதி கட்டடத்துக்குள்ளேயே பிறக்கிறது. தரையில் டைல்ஸ், சுவரில் டைல்ஸ், மேலே கான்கிரீட் தளம் என்று கட்டுகிறோம். துடைக்கச் சுலபம் என்பது உண்மைதான். ஆனால் விழுந்த தட்டின் ஓசை அவற்றில் பட்டுப்பட்டுத் திரும்பி, அடங்க நேரமாகிறது.

இதை முதலில் கணக்கிட்டவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சாபின். பேசுவது விளங்காத ஒரு விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்ய 1895இல் அவரிடம் ஒப்படைத்தார்கள். இரவு நேரங்களில் இருக்கை மெத்தைகளை உள்ளே கொண்டுவந்து, ஒலி அடங்கும் நேரம் எவ்வளவு குறைகிறது என்று அளந்து பார்த்தார். அவர் கண்ட சூத்திரத்தை நம் வார்டுக்குப் போட்டுப் பார்ப்போம். 20 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3.5 மீட்டர் உயரமுள்ள வார்டில், ஜன்னல்கள் சற்றுத் திறந்து, இருபது பேர் இருந்தால், ஒலி அடங்க ஏறக்குறைய இரண்டரை விநாடி ஆகும். மேல் தளத்தின் கீழே ஒலியை உறிஞ்சும் பலகைகள் பொருத்தினால் அது அரை விநாடியைச் சற்றே தாண்டும். வார்டின் இரைச்சலும் சுமார் 6 டெசிபல் குறையும். சுவீடனில் ஹட்டிங்கே மருத்துவமனையின் இதயப் பிரிவில் மேல் தளப் பலகைகளை மாற்றி மாற்றிப் பொருத்தி ஆராய்ந்தார்கள். ஒலி உறிஞ்சும் பலகை இருந்த காலத்தில் சேர்ந்த நோயாளிகளில், வீடு சென்றபின் மறுபடியும் மருத்துவமனைக்கு வந்தவர்கள் குறைவு என்று 2005இல் எழுதினார்கள். மருத்துவமனைக்கு ஏற்ற, துடைக்கக்கூடிய பலகைகளையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது முக்கியம்.

இன்னும் எளிய காரியங்கள் உண்டு. கட்டில், ஸ்டூல், நாற்காலி கால்களுக்கு ரப்பர் புஷ். டிராலிகளுக்கு ரப்பர் சக்கரம். கதவு அடிக்காமல் இருக்க ரப்பர் துண்டு. தாழ்ப்பாளுக்கும் கீலுக்கும் மாதம் ஒருமுறை எண்ணெய். டிராலி போகும் பாதையில் தரை மட்டம் சமமாக இருத்தல். தண்ணீர் மோட்டாரை வார்டுச் சுவரோடு சேர்த்துப் பொருத்தாதிருத்தல். இவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

ஜெனரேட்டர்

2012இல் நம் மாவட்டங்கள் அனுபவித்த நீண்ட மின்வெட்டை யாரும் மறக்கவில்லை. அறுவை அறைக்கு ஜெனரேட்டர் இன்றியமையாதது. ஆனால் கயிறு கட்டாத காளையைப் போல அதை வார்டு ஜன்னலருகே விடக்கூடாது. 2005 முதல் தயாரிக்கப்படும் 1000 கே.வி.ஏ. வரையுள்ள டீசல் ஜெனரேட்டர்கள், ஒலித்தடுப்புக் கூண்டோடு, ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். பழையதை இலவசமாகத் தருகிறார்களே என்று வாங்குவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். அதன் அடித்தளம் கட்டடத்தோடு சேராமல் தனியாக இருக்க வேண்டும். அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் வேண்டும். புகைக்குழாய்க்கு நல்ல சைலன்சர் வேண்டும். அறையின் காற்று வழி வார்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். சிறிய தேவைகளுக்கு சூரிய மின்பலகையும் பேட்டரியும் வைத்தால் சத்தமே இல்லை.

கட்டும் காலத்தில்

சாலொமோன் கட்டிய ஆலயத்தைப் பற்றி வேதத்தில் ஓர் அபூர்வமான செய்தி உண்டு. கற்களை வெட்டும் இடத்திலேயே பணிதீர்த்துக் கொண்டுவந்ததால், ஆலயம் கட்டப்படும்போது சுத்தியல், வாச்சி போன்ற எந்த இரும்புக் கருவியின் ஓசையும் அங்கே கேட்கப்படவில்லை என்று 1 இராஜாக்கள் 6ஆம் அதிகாரம் 7ஆம் வசனம் தெரிவிக்கிறது. நோயாளிகள் படுத்திருக்கும் வளாகத்தில் கட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை.

கம்பிகளை வெளியிலேயே வெட்டி வளைத்துக் கொண்டுவரலாம். கலவை இயந்திரத்துக்குப் பதிலாக ஆயத்தக் கான்கிரீட் வரவழைக்கலாம். டைல்ஸ், கிரானைட் வெட்டும் வேலையை வளாகத்தின் கோடியில் தடுப்புக் கட்டிய கொட்டகையில் வைத்துக்கொள்ளலாம். மின்குழாய், தண்ணீர்க்குழாய் செல்லும் வழிகளை முன்கூட்டியே தீர்மானித்தால், பூசிய சுவரை மறுபடி உளியால் கொத்த வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணறு போடுவது முதல் வேலையாக இருக்கட்டும். இரவிலும், மதிய ஓய்வு நேரத்திலும் சத்தமான வேலை கூடாது என்று காண்டிராக்டர் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். பிறகு சொன்னால் கூடுதல் பணம் கேட்பார்கள். வேலை செய்யும் கூலியாட்களுக்குக் காதடைப்பானும் கொடுக்க வேண்டும். அவர்களும் கர்த்தருடைய பிள்ளைகளே.

நம் ஒலிபெருக்கிகள்

மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். அங்கே அளவு பகலில் 50, இரவில் 40 டெசிபல். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. விசேஷ நாட்களுக்கு மாநில அரசு தரும் சொற்ப விலக்கும் அமைதி மண்டலத்துக்குப் பொருந்தாது.

கூழ் வார்க்கும் திருவிழாவின் குழாய் ஒலிபெருக்கியைப் பற்றி நாம் எளிதில் குறை சொல்கிறோம். ஆனால் நற்செய்திப் பெருவிழாவுக்கும், ஆலயப் பிரதிஷ்டை விழாவுக்கும் நாம் கட்டும் குழாய்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன? கிறிஸ்மஸ் பாடல் குழு நள்ளிரவில் மருத்துவமனை வாசலில் டிரம்முடன் நிற்பதும், புத்தாண்டு ஆராதனை முடிந்து வெடி வெடிப்பதும் நாமே செய்கிறவை. வார்டில் காலை ஜெபத்தைச் சத்தமான மைக்கில் நடத்துவதைவிட, கட்டிலருகே நின்று ஒரு நோயாளியின் பெயரைச் சொல்லி மெல்லிய குரலில் ஜெபிப்பது அவர் உள்ளத்தைத் தொடும். ஓரேபிலே எலியாவுக்குக் கர்த்தர் பெருங்காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் அல்ல, மெல்லிய சத்தத்திலேயே பேசினார் அல்லவா?

நீங்கள் செய்யக்கூடியது

அன்பானவர்களே, அமைதிக்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாது. ஜெனரேட்டர் கொடுத்தவரின் பெயரைக் கல்லில் பொறிக்கலாம். அதன் ஒலித்தடுப்புக் கூண்டுக்குக் கொடுத்தவரின் பெயரை யாரும் பார்க்கமாட்டார்கள். இதனால்தான் பணம் குறையும்போது திட்டத்திலிருந்து முதலில் வெட்டப்படுவது இத்தகைய செலவுகள். நீங்கள் காணிக்கை அனுப்பும்போது, ஒலித்தடுப்புக்கும் இதில் பங்கு உண்டு என்று ஒரு வரி எழுதுங்கள். கட்டடக் குழுவில் இருப்பவர்கள், வரைபடம் மேசைக்கு வரும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: வார்டு ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது? ஜெனரேட்டர் எங்கே நிற்கிறது? ஆலோசனை அறைச் சுவர் மேல் தளம் வரை எட்டுகிறதா? வாலிபர் சங்கங்கள் ஒரு சனிக்கிழமை வந்து, ஒரு வார்டின் கட்டில்களுக்கும் ஸ்டூல்களுக்கும் ரப்பர் புஷ் மாட்டிக் கொடுக்கலாம். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கைப்பேசியின் ஒலியை அடக்கிவிட்டு உள்ளே வாருங்கள்.

ஜெபக் குறிப்புகள்: இரவுப்பணியில் இருக்கும் செவிலியர்களுக்காகவும், தூக்கமின்றித் தவிக்கும் நோயாளிகளுக்காகவும், மருத்துவமனைகளைத் திட்டமிடும் பொறியாளர்களுக்கு நல்ல ஞானம் கிடைக்கவும், நெடுஞ்சாலையில் இரவெல்லாம் வண்டி ஓட்டும் சகோதரர்களின் பாதுகாப்புக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

தம்முடையவர்களுக்கு நித்திரையை அருளுகிற தேவன் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.